எந்த ஷாஃப்ட் என்று கேட்காதவள்

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். அதில் சிவப்பு மையால் நான்கு ஏணிகள் வரைந்திருக்கும். ஒவ்வொரு ஏணியின் தலையிலும் ஒரு ஷாஃப்ட்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் கிணற்றின், பெயர், படிகளுக்குப் பக்கத்தில் லெவல் எண்கள். முதல் ஏணி தாளின் அடிவரை இறங்கி, இடம் போதாமல், கீழே ஒட்டிய இன்னொரு துண்டுத் தாளிலும் இறங்கியிருக்கும். கடைசி ஏணி மட்டும் குட்டை. முப்பது என்ற எண்ணோடு முடிந்துவிடும். அதற்கு அடியில் ஒரு கனத்த கோடு, கோட்டுக்குக் கீழே வெறும் வெள்ளை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சர்ச் ஹாலை ஒட்டியிருந்த சின்ன அறையில் அந்தத் தாள் மாட்டியிருந்தது. அதற்கு அடியில் நாற்காலி போட்டுப் பதினான்கு மாதம் உட்கார்ந்தவள் நான். குட்டை ஏணி என் கண்ணில் படவில்லை, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்றெல்லாம் சொல்ல எனக்கு வழியில்லை. பார்த்தேன். சொல்லியும் தந்தார்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதை வரைந்தவர் சிஸ்டர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிஸ்டர் என்றால் அவர்தான். மற்ற நர்ஸ்களுக்குத்தான் அடையாளம் வேண்டும்: நெட்டை சிஸ்டர், கண்ணாடி சிஸ்டர் என்று. தங்கச் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தவர். மைன் மூடியபோது அவருக்கும் வேலை முடிந்துபோனது. ஆனால் நோயாளிகளுக்கு நோய் முடியவில்லையே. பாறைத் தூசி நுரையீரலில் படிந்த மனிதர்கள், கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒரு கமிட்டி போட்டு, அந்த அறையையும் இரண்டு பெஞ்சுகளையும் கொடுத்தார்கள். வாரம் ஒருநாள் ஒரு டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர்தான். நர்ஸிங் படித்து முடித்த கையோடு, உதவிக்கு என்று நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அந்த வயதுக்கே உரியது என்று சொல்வார்கள். என்னிடம் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஏணி விஷயத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஆழத்தை லெவலால்தான் சொல்வார்கள். மேலே ஒன்றில் தொடங்கி, இறங்க இறங்க எண் கூடும். எண் கூடக் கூட வெக்கை கூடும், காற்று குறையும். அண்டர்கிரவுண்டில் வேலை செய்த மனிதரிடம் போய் 'மூச்சு எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். உயிர் போகிற நேரத்திலும் 'பரவால்ல' என்பார். வலிக்கிறது, முடியவில்லை என்று சொல்வது அவர்களுக்கு மானக்கேடு. சிஸ்டரும் பல வருடம் அந்தப் 'பரவால்ல'வோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஒருநாள் வார்டில் ஒருவர், கேட்காமலே, 'அறுபதாவது லெவல்ல நிக்கற மாரி கீது சிஸ்டர்' என்றாராம். சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எல்லாரிடமும் அவருடைய முதல் கேள்வி 'எந்த ஷாஃப்ட்டுண்ணே?' என்பது. அடுத்தது, 'இன்னிக்கு எத்தனாவது லெவல்ல கீறே?' அதற்கு மட்டும் அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. யோசித்து, சரியாக, நாற்பத்திரண்டு என்பார்கள். சிஸ்டர் அதை எழுதி, பக்கத்தில் மூச்சை எண்ணி எழுதி, உதட்டின் நிறத்தையும் கணுக்காலின் வீக்கத்தையும் எழுதி, மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து அந்த ஏணிகளைப் போட்டார். முதலில் சிரித்த டாக்டர்கள் பிறகு ரவுண்ட்ஸுக்கு வந்ததும் சிஸ்டரின் நோட்டைத்தான் முதலில் கேட்டார்களாம். எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்று முடிவு செய்தது அந்த நோட்டு.

அவர் செய்தது அதோடு நிற்கவில்லை. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவதுபோல மூச்சை மெல்ல வெளியே விட வேண்டும் என்று லைன் லைனாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் சில வாசல்களில் நாலைந்து கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவனின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, அவன் விழுங்கினால்தான் எழுந்திருப்பேன் என்பார். பத்தாவது முடித்த பெண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தால், அவர்களை உட்காரவைத்து அப்ளிகேஷன் நிரப்பி நர்ஸிங்கில் சேர்த்துவிடுவார். இன்று பெங்களூரில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏதாவது ஒரு வார்டில் எங்கள் ஊர்ப் பெண் இருப்பாள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்ளிகேஷன் நிரப்பிய கை அது.

என் அப்பா மிக ஆழமான ஷாஃப்ட்டில் வேலை செய்தவர். நூறாவது லெவலுக்கும் கீழே இறங்கியவர்கள் என்ற பெருமை எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகம். முப்பது, நாற்பது என்றால் அப்பா வாய்க்குள் சிரிப்பார். 'அது மேல் காத்து' என்பார். அந்தச் சிரிப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் ஒருவர் நாற்பது என்றார், நானும் நாற்பது என்று எழுதினேன். சிஸ்டர் எட்டிப் பார்த்தார். 'எந்த ஷாஃப்ட்டுன்னு கேட்டியா?' இல்லை என்றேன். 'அப்ப நீ எழுதனது நம்பரு இல்ல, கிறுக்கல்' என்று, பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டார். ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைன்ஸ்காரன் பெண்ணுக்கா லெவல் தெரியாது என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீம்புக்காகவே நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆமாம், மறந்துபோகவில்லை. வீம்பு.

அந்த வாரத்தில்தான் மருந்துப் பார்சல் வாங்க சிஸ்டர் பங்காருபேட்டைக்குப் போனார். கிளம்பும்போது, 'மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். யாருக்குனா மூச்சு சரியில்லன்னா ஒக்கார வெச்சிக்க, நான் வர்ற வரிக்கும் அனுப்பாதே' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தனியாகவே சமாளித்துக் காட்ட வேண்டும் என்று மும்முரமாக இருந்தேன். அவர் வரும்போது பெஞ்சு காலியாக இருக்க வேண்டும், 'அதுக்குள்ள முடிச்சிட்டியா?' என்று அவர் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பன்னிரண்டு மணிக்குக் கடைசியாக ஒருவர் வந்தார். எங்கள் ஊரை அடுத்த மைன் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். அப்படி ஒருவர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

எப்படி இருக்கிறது என்றேன். 'பரவால்ல பாப்பா' என்றார். எத்தனையாவது லெவல் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார், சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், 'முப்பது' என்றார். நான் சிரித்தேன். 'முப்பதுதானே? எங்கப்பா முப்பதுல பாட்டு பாடிக்கினு போவாரு' என்றேன். அவரும் சிரித்தார். வெள்ளை உடுப்பு போட்ட பெண் சொல்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். 'அப்டியா பாப்பா' என்றார். மூச்சை எண்ணவில்லை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைப் பார்க்கவில்லை. '30, சுமார்' என்று எழுதி, இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். செருப்பு தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலகாட் போகும் வழியில், பாதி தூரத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் இறந்துபோனார். சிஸ்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நானே என்னை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்த வெயிலில் அவரை நடக்க விட்டிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். பெஞ்சில் படுக்கவைத்து, ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்கு வண்டி பிடித்திருப்பார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி வந்தார். கூடவே பத்துப் பன்னிரண்டு பேர். 'நடந்து வந்த மனுசன ஒக்கார வெச்சிப் பாக்காம தொரத்திட்டீங்களே! யாரு பாத்தது? யாரு பாத்தது, சொல்லுங்க!' என்று அந்த அம்மாள் கேட்ட கேள்வி தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். சிஸ்டர் நோட்டை எடுத்தார், பக்கத்தைத் திருப்பினார், என் கையெழுத்தைப் படித்தார். அவர் கண் சுவருக்குப் போய்த் திரும்பியது. இறந்தவர் வேலை செய்தது அந்தக் குட்டை ஏணி ஷாஃப்ட்டில். அங்கே முப்பதுதான் அடி, அதற்குக் கீழே லெவலே கிடையாது. நான் அதலபாதாளத்தில் நிற்கிறேன், இதற்குமேல் இறங்க இடமில்லை என்று அந்த மனிதர் தன் பாஷையில் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன். சிஸ்டர் நோட்டை மூடினார். 'இங்க நடக்கற எல்லாத்துக்கும் நான்தாம்மா பொறுப்பு. தப்பு என்னுது' என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். வாயைத் திறக்க இரண்டு நிமிஷம் இருந்தது. என் வாய் திறக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு சிஸ்டர் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன். நோட்டை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார். பிறகு, 'இன்னிக்கி நீ சொல்லியிருந்தா உன்ன பிச்சிப் போட்டிருப்பாங்க. அதான் நான் சொன்னேன். ஆனா இது என்கிட்டயே இருக்கக்கூடாது. சூடு ஆறட்டும், ஒரு மாசம் போவட்டும். அப்பால பாலகாட் போயி அந்தம்மா கிட்ட நீயே சொல்லு. நானும் கூட வரேன். சொல்லுவியா?' என்றார். 'சொல்றேன் சிஸ்டர்' என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

ஒரு மாதம் போவதற்குள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வேலைக்குக் கடிதம் வந்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். சிஸ்டரிடம் போய் நின்றேன். வாங்கும்போதாவது பாலகாட் பேச்சை எடுத்திருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் மேஜையைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தார். உழைப்பாளி என்று எழுதியிருந்தார், சுறுசுறுப்பானவர் என்று எழுதியிருந்தார். கவனமானவர் என்று மட்டும் எழுதவில்லை. ரயிலில் அதை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கமிட்டிக்காரர்கள் அந்த அறையைப் பூட்டிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. சிஸ்டர் காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அங்கிருந்தே வேலையைத் தொடர்ந்தார். கூப்பிட்டால் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். ஒருமுறை என் அம்மா போனில், 'உன் சிஸ்டரப் பத்தி பாலகாட்ல இன்னான்னவோ பேசறாங்களே, நெஜமா?' என்று கேட்டாள். 'எனக்குத் தெரியாதும்மா' என்றேன். நான் செய்ததிலேயே மோசமானது எது என்று கேட்டால், முப்பது என்று எழுதியதைச் சொல்ல மாட்டேன். இந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்வேன்.

பெங்களூரில் வேலையில் நான் நன்றாகத்தான் வளர்ந்தேன். அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. நெஞ்சு வார்டில் கட்டட வேலை செய்கிறவர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்கும் அதே 'பரவால்ல' வியாதி, வெவ்வேறு பாஷைகளில். நான் எத்தனையாவது மாடி ஏறின மாதிரி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால், எந்தக் கட்டடம், அதில் மொத்தம் எத்தனை மாடி என்று கேட்டேன். அதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. டாக்டர்கள் அசந்துபோனார்கள். மற்ற வார்டுகளுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். பதவி உயர்ந்தது. 'இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?' என்று கேட்கிறவர்களிடமெல்லாம், 'எங்க ஊர்ல மைன்ஸ்காரங்க அப்படித்தான் பேசுவாங்க' என்றேன். அதில் பொய் இல்லை. சிஸ்டரும் இல்லை. ஆரம்பத்தில் ஊருக்கு வரும்போதெல்லாம் சிஸ்டரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்காததைத் தாங்க முடியாமல் போவதை நிறுத்திவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் சிஸ்டர் இறந்துபோனார். முதல் ரயிலிலேயே பெங்களூரிலிருந்து நர்ஸ்கள் வந்து இறங்கினார்கள். நைட் டியூட்டி முடித்த கையோடு, தூங்காத கண்ணோடு வந்தவர்கள் பாதிப் பேர். எல்லாரும் அவர் அப்ளிகேஷன் நிரப்பிக் கொடுத்த பெண்கள். கல்லறையில் இடம் போதவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரோ, 'பாலகாட்லேர்ந்து ஒருத்தரும் காணோமே' என்று சொல்வது காதில் விழுந்தது. நான் மலர்வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

இந்த வருடம் ஆண்டர்சன்பேட்டை இளைஞர்கள் சேர்ந்து ஒரு விழா வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போய் நல்ல நிலைக்கு வந்த நர்ஸ்களுக்குப் பாராட்டு. என்னையும் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள், மாடி எண்ணும் முறையைக் கண்டுபிடித்தவர் என்று மைக்கில் சொன்னார்கள், கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை என்று மைக்கைப் பிடித்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? 'நான் பெரிய ஆள் இல்லீங்க. எல்லாம் சிஸ்டர் கத்துக்குடுத்தது. நானும் தப்பு பண்ணவதான்' என்றேன். தப்பு என்றேனே தவிர, என்ன தப்பு, யாருக்கு, எப்போது என்று ஒன்றும் சொல்லவில்லை. விழாத் தலைவர் எழுந்து, 'பாருங்க, இன்னா ஒரு அடக்கம்!' என்றார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். குற்றத்தைச் சொல்லப் போய் அதற்கும் ஒரு பாராட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலையில் பாலகாட் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அந்த அம்மாள் அதே லைன் வீட்டில்தான் இருந்தார். வயதாகி, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. சுவரில் ஒரு புத்தர் படம், அதற்குப் பக்கத்தில் அவர் கணவரின் போட்டோ, கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையில். அம்மாள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 'இன்னாம்மா, ஓட்டு கேக்க வந்தியா?' என்றார். யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். நோட்டு, முப்பது, என் சிரிப்பு, சிஸ்டர் அன்று பங்காருபேட்டையில் இருந்தது, பின்னால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒரு மாதம் என்று சொல்லி இத்தனை வருடம் ஆனது. நடுவில் அவர் கை ஆய்வதை நிறுத்தியது. நான் முடிக்கும்வரை முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'நீயா?' என்றார். ஆமாம் என்றேன். 'அவுங்க மூணு வாட்டி இந்த வூட்டுக்கு வந்தாங்க. மூணு வாட்டியும் மூஞ்சில அடிச்சாப்பல கதவ சாத்தினேன். ஒரு வாட்டி சொம்புத் தண்ணிய மேல ஊத்தினேன். தொடச்சிக்கினு, பையனுக்கு இருமல் கீதாமே, இட்டாந்து காட்டும்மான்னுட்டுப் போனாங்க. உன் பேர ஒரு வார்த்த சொல்லல.' அவர் குரல் உயரவே இல்லை. 'அவுங்க சாவுக்கு நான் போவல. போறேன்னவங்களையும் தடுத்தேன். இப்ப வந்து சொல்றியே, நான் எங்க போயி யாரு கால்ல விழறது? சொல்லு.' குனிந்து அவர் காலைத் தொடப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். 'என் கால எதுக்குப் புடிக்கிறே? எனக்குச் சொன்னா ஆயிடிச்சா? இந்த லைன்ல ஒரு வூடு வுடாம போயி அவுங்களப் பேசினவ நான். நீ வாய மூடிக்கினு இருந்தே, நான் வாயத் தொறந்துக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம். எந்திரி. வா எங்கூட.'

முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர். 'இவுங்க ஒண்ணு சொல்லணுமாம்' என்று சொல்லிவிட்டு அம்மாள் ஒதுங்கி நின்றார். நான் சொன்னேன். பெரியவருக்குக் காது மந்தம். 'இன்னாது? சத்தமா சொல்லு' என்றார். சத்தமாகச் சொன்னேன். 'இன்னும் கொஞ்சம் சத்தமா' என்றார். என் தப்பை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பெரியவர், 'அந்த அம்மா எனக்கு ஊதச் சொல்லிக் குடுத்தாங்க. அப்பறம் நானும் அவுங்க கிட்ட போவல' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டாவது வீட்டில் ஒரு பெண் அழுதாள். மேடையில் நான் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வார்த்தையையும் அம்மாள் பக்கத்தில் நின்று சொல்லவைத்தார். நான் எதையாவது விட்டுவிட்டால், 'சிரிச்சத சொல்லல நீ' என்று எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது வீட்டில் மாமியார் வெளியே போயிருந்தார். மருமகள்தான் வந்தாள். கல்யாணமாகி பங்காருபேட்டையிலிருந்து வந்த சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. 'எந்த சிஸ்டர் ஆன்ட்டி? எனக்குத் தெரியாதே' என்றாள். அம்மாள் சொல்லிப் பார்த்தார். கம்பெனி ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஆண்டர்சன்பேட்டையில் மருந்து கொடுத்தவர், லைன் லைனாக வந்து மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தவர் என்றெல்லாம் அடையாளம் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருடம் வார்டில் வேலை பார்த்து, அதற்குப் பிறகும் நடையாய் நடந்தவரைப் பற்றி அந்த வீட்டுக்கு ஒரு விஷயமும் வந்து சேர்ந்திருக்கவில்லை. திடீரென்று அவள் முகம் தெளிந்தது.

'ஓ, ஊசி மாத்திப் போட்டு ஒரு ஆள சாவடிச்சாங்களே, அந்த நர்ஸா? அத்தை சொல்லுவாங்க. பாப்பாக்கு ஊசி போடப் போறப்பக்கூட, பாத்து, அந்த மாரி நர்ஸ் கைல குடுத்துடாதேன்னுவாங்க.'

அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

'அவுங்க இல்லம்மா' என்றேன். 'அந்த நர்ஸ் நான்தான்.'

அந்தப் பெண் குழந்தையை இடுப்பிலிருந்து தூக்கி, என் கைக்கு எட்டாத பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டாள்.